கம்பவுண்டர் சின்னப்பனின் விடைச்சீட்டு

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் மருந்துக்கடை வைத்திருக்கும் தேவகுமாரிக்கு, யாரை எப்படிக் கொல்லலாம் என்று யோசிப்பதுதான் பொழுதுபோக்கு. ஆள் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் துப்பறியும் தொடர்கதை எழுதுவாள். 'பதினேழாவது வளைவு' என்ற அவளுடைய தொடர், ஒரு செயலியில் வாரம் ஓர் அத்தியாயமாக ஏழு மாதம் ஓடி, கடைசி அத்தியாயத்தில் வந்து நின்றிருந்தது. மலைப்பாதை வளைவில் எஸ்டேட் முதலாளி ஒருவர் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார் என்பது கதை. தன்னடக்கம் என்ற சரக்கு அவள் கடையில் கிடையாது. "இந்த முடிவை ஒருத்தராச்சும் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டா, நான் எழுதறதையே நிறுத்திக்கறேனுங்க" என்று வாசகர்களிடம் சவால் விட்டிருந்தாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் கடைசி அத்தியாயத்தை அவள் மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு. கிளியூர் போகும் வழியில் ஒரு பழைய காபி குடோனில் ஜனவரி மாதம் கதை-விளையாட்டு மாநாடு கூடியது. மாநாடு என்றதும் கொடியும் கட்-அவுட்டும் நினைவுக்கு வந்தால் அது நம் ஊர்ப் பழக்கதோஷம். இது வேறு. பேய்க்கதை, விண்வெளிக் கதை, துப்பறியும் கதை எழுதுகிறவர்களும், அட்டையும் பகடையும் வைத்துப் புதுப்புது விளையாட்டுகள் செய்கிறவர்களும், அவற்றுக்காகச் சோறு தண்ணீர் மறக்கிறவர்களும் கூடுகிற இரண்டு நாள் கூத்து. 'பேய்க்கதையில் பேய் எப்போது வர வேண்டும்?' என்று காலையில் ஒரு கருத்தரங்கு. மூன்று பேர் மாய்ந்து மாய்ந்து பேசியும் பேய் வந்தபாடில்லை. 'செவ்வாய்க் கிரகத்தில் ரசம்' என்று அடுத்தது. அதில் புளி எங்கிருந்து வரும் என்ற கேள்வியில் இரண்டு எழுத்தாளர்கள் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மாநாட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்தக் கதையின் முடிவையும் யாரும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னவர் மேடையேறி, எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் நிலவேம்புக் கஷாயம் குடிக்க வேண்டும். அதில் சர்க்கரை கிடையாது, மூக்கைப் பிடிக்கவும் அனுமதி கிடையாது. போன வருஷம் ஒரு பேராசிரியர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மூன்றாவது முடிவைச் சொல்ல வந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். கஷாயப் பொடி தேவகுமாரி கடை உபயம்.

சனிக்கிழமை மத்தியானம் 'நாவலிலிருந்து விளையாட்டுப் பெட்டிக்கு' என்ற அரங்கு. மேடையில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் தேவகுமாரி. மற்றொன்றில் குப்பனூர் வெங்கடேஷ். சேலத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவன், இப்போது ஊரிலேயே உட்கார்ந்து பலகை விளையாட்டுகள் செய்து விற்கிறான். 'பதினேழாவது வளைவு' கதையை விளையாட்டாகச் செய்திருந்தவன் அவன்தான். கதையைப் படித்த ஒருவர் நடத்துநராக உட்கார, படிக்காதவர்கள் துப்புச் சீட்டுகளைச் சேகரித்துக் கொலைகாரனைப் பிடிக்க வேண்டும். பெட்டிக்குள் ஒட்டிய உறையில் விடைச்சீட்டு இருக்கும். விடை தெரியாமல் விளையாட்டு செய்ய முடியாதே. அதனால் உலகத்திலேயே அந்த முடிவு தெரிந்த இரண்டாவது ஆள் வெங்கடேஷ். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு முடிந்ததும் பெட்டிகள் விற்பனைக்கு வரும்.

விளையாடிக் காட்டுவதற்காக மேஜைக்கு மேலே ஒரு கேமரா தொங்கவிட்டிருந்தார்கள். மேஜையில் நடப்பதெல்லாம் பின்னால் இருந்த பெரிய திரையில் தெரிந்தது. வெங்கடேஷ் உற்சாகமாக ஒவ்வொரு சீட்டாக வைத்து விளக்கினான்.

"கடைசியா இந்தக் கவரை நடத்துநர் மட்டுந்தானுங்க பிரிச்சுப் பாக்கோணும். பக்கத்துல இருக்கறவிய பாக்காத மாதிரி, கையக் குவிச்சு, மேஜையோட ஒட்டி, இப்படிங்க."

சொல்லிக்கொண்டே செய்தும் காட்டினான். கைகளை இரண்டு பக்கமும் சுவர் போல வைத்து, சீட்டை மேஜையோடு மேஜையாக மல்லாக்கப் பிடித்து, குனிந்து பார்த்தான். இடப்பக்கம் ஒருவர் இருந்தாலும் தெரியாது, வலப்பக்கம் இருந்தாலும் தெரியாது. தன் மற்ற விளையாட்டுகளில் ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்த பழக்கம், பிசகே இல்லை. தலைக்கு மேலே தொங்கிய கேமராவை மட்டும் மறந்துபோனான். பின்னால் திரையில், ஒரு கட்டில் அளவுக்கு எழுத்துகள் விரிந்தன: கொலையாளி, கம்பவுண்டர் சின்னப்பன்.

முன்வரிசை முதல் பின்வரிசை வரை எல்லோரும் படித்துவிட்டார்கள்.

கதையில் சின்னப்பன் என்றால் எல்லோருக்கும் உயிர். குழந்தைகளுக்கு ஊசி போடுவதற்கு முன்னால் கடலை மிட்டாய் கொடுப்பார். துப்பறியும் உதவி ஆய்வாளர் கற்பகத்துக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். வாசகர்கள் அவரை மாமா என்றே அழைத்தார்கள்.

"சின்னப்பன் மாமாவா!" என்று ஒரு குரல் கிறீச்சிட்டது. அது சாரா. சேலத்தில் கல்லூரியில் படிக்கிற பெண். ஏழு மாதமாக அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு பக்கம் விமர்சனம் எழுதுகிறவள். அவள் கண் கலங்கியேவிட்டது. அதற்குள் பின்வரிசை விழித்துக்கொண்டது. "கஷாயம்! கஷாயம்!" என்று கைதட்டிக் கத்தினார்கள். மாநாட்டை நடத்தும் கோவிந்தராஜ், எஸ்டேட் பங்களாவை விருந்தினர் விடுதியாக்கி நடத்துகிற மனிதர், முகம் தொங்கிப்போய் டம்ளரோடு மேடையேறினார்.

தேவகுமாரியின் ஏழு மாத உழைப்பு, ஒரு கணத்தில் திரையில் ஓடிவிட்டது. நாளைக்கு எதை வாசிப்பது? எல்லோருக்கும் தெரிந்த பெயரைச் சொல்ல மேடையேற வேண்டுமா? முடிவை மாற்றலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. பெட்டிகள் ஒட்டியாகிவிட்டன. அது போகட்டும். முதல் அத்தியாயத்திலிருந்து வைத்த துப்புகளெல்லாம் சின்னப்பன் வீட்டு வாசலில்தான் போய் நின்றன. இப்போது வேறு ஒருவனைக் கொலைகாரனாக்கினால் வாசகரை ஏய்ப்பதாகும். அதை அவள் செய்ய மாட்டாள்.

வெங்கடேஷ் வேர்த்து விறுவிறுத்து, கஷாயத்துக்குக் கை நீட்டினான். அந்த டம்ளர் அவன் வாயில் பட்டால் கதை முடிந்தது. முடிவைச் சொன்னவன்தான் கஷாயம் குடிப்பான். அவன் குடித்துவிட்டால் அது முடிவுதான் என்று ஊருக்கே முத்திரை குத்தியாகிவிடும். தேவகுமாரி எழுந்து டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள். மைக்கை எடுத்தாள்.

"ஏனுங்க, எதுக்குங்க அவனுக்குக் கஷாயம்? அவன் முடிவையா சொன்னான்?"

கைதட்டல் நின்றது.

"நாளைக்கு வாசிக்கற முடிவை, இன்னைக்கு கேமராவுக்குக் கீழ வெச்சுட்டு உக்காருவேனுங்களா? என்னையப் பாத்தா அவ்வளவு ஏமாளியாட்டமா தெரியுது?"

துப்பறியும் கதை எழுதுகிறவர் வாசகரிடம் நேரடியாகப் பொய் சொல்லக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. கேள்வி கேட்கக் கூடாது என்று எந்தக் கொள்கையும் இல்லை.

முன்வரிசையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. ஆனாலும் பாதிப் பேர் நம்பவில்லை. அந்த நேரத்தில்தான் வெங்கடேஷ் துள்ளி எழுந்தான்.

"அக்கா! என்னங்க்கா சொல்றீங்க? இதுதான் விடைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க! அத்தனை பொட்டியிலயும் இந்தச் சீட்டத்தான் போட்டு ஒட்டியிருக்கறேன்! நொம்ப மோசம் போயிட்டனா?"

அவன் முகம் வெளுத்து, உதடு துடித்தது. அப்படி ஒரு நடிப்பை எந்த நடிகனாலும் நடிக்க முடியாது, ஏனென்றால் அது நடிப்பில்லை. கூடம் முழுக்க அந்த முகத்தைப் பார்த்தது. பார்த்த கணத்தில் நம்பியது. தேவகுமாரி அதையும் கண்டாள். இனி பின்வாங்குவதற்கில்லை.

"கண்ணு, உன்ற மூஞ்சி ஒரு சினிமா போஸ்டர். உள்ள என்ன ஓடுதுன்னு ரோட்டுல போறவனுக்குக்கூடத் தெரியும். உங்கிட்டப் போயி யாராச்சும் நெசமான விடைய முன்கூட்டியே குடுப்பாங்களா?"

குடோன் கூரை பறக்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அப்ப மாமா நல்லவருங்களா?" என்று கேட்டாள். "நாளைக்கு மத்தியானம் வந்து கேட்டுக்கோ சாமி" என்றாள் தேவகுமாரி. பெரிய கைதட்டலோடு அரங்கு முடிந்தது. வெங்கடேஷ் மட்டும் கைதட்டவில்லை. சீட்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான்.

குடோனுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில் அவன் அவளை மறித்துக்கொண்டான்.

"உள்ளதைச் சொல்லிப்போடுங்க. நெசமா யாருங்க? இப்பவே கீழ போயி புதுச் சீட்டு அடிச்சுட்டு வந்தாத்தான் நாளைக்கு விக்க முடியும்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இவன் முகம் உடனே பளிச்சென்று மலரும். மலர்ந்த முகத்தோடு உள்ளே போவான். நூறு துப்பறியும் வாசகர்கள் ஒரே பார்வையில் மிச்சத்தைத் துப்பறிந்துவிடுவார்கள். தேவகுமாரி மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"பொட்டியத் தொடாத வெங்கடேசு. நாளைக்கு வாசிச்சு முடிச்சதும் பேசிக்கலாம்."

"அப்படின்னா சொல்ல மாட்டீங்க."

"நாளைக்கு."

அவன் பைக் சாவியை எடுத்தான். "உங்க கதைய உங்களவிட அதிகமாப் படிச்சவன் நானுங்க. ஒவ்வொரு துப்பையும் சீட்டாக்கி, எத்தனை ராத்திரி தனியா உக்காந்து விளையாடிப் பாத்திருப்பேன். ஊரை ஏமாத்துங்க, வேண்டாங்கல. என்னையும் அதுல ஒருத்தனாக்கிட்டீங்களே" என்றான். பைக்கை உதைத்துக்கொண்டு குப்பனூர்ப் பாதையில் இறங்கிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வாசகர்களின் வாட்சப் குழு பற்றி எரிந்தது. சின்னப்பன் ஏன் கொலைகாரராக இருக்கவே முடியாது என்று சாரா பத்து காரணம் எழுதினாள். எஸ்டேட் கார் டிரைவர்தான் என்றார் ஒருவர். முதலாளியின் மருமகன் என்றார் இன்னொருவர். சின்னப்பன் மேல் ஒரு கணம் சந்தேகப்பட்டதற்கு வருந்தி ஒருவர் கவிதையே எழுதிவிட்டார். ஏழு மாதத்தில் சின்னப்பன் இத்தனை பத்திரமாக இருந்ததே இல்லை. தேவகுமாரி படித்துப் படித்துச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே வெங்கடேஷின் முகம் வந்து நின்றது. அவனுக்கு இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மறுநாள் காலை பனி விலகாமல் கிடந்தது. குடோன் வாசலில் தெரசம்மாள் டீக்கடை போட்டிருந்தாள். முதல் நாளைவிடக் கூட்டம் அதிகம். டீ டோக்கன் தீர்ந்துபோய்க் கோவிந்தராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். யாரோ டோக்கனுக்குப் பதிலாகச் சீட்டு கொடுத்து உதவியிருக்கிறார்கள். ஆளுக்கொரு சீட்டை நீட்டி டீ வாங்கிக்கொண்டிருந்தார்கள். தேவகுமாரி கிட்டே போய்ப் பார்த்தாள். வரிசையில் நின்ற நாலைந்து பேர் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

ஒவ்வொருவர் கையிலும் கொலையாளி, கம்பவுண்டர் சின்னப்பன்.

"ஒரு சின்னப்பன், சக்கரை கம்மியா" என்றார் ஒருவர். "எனக்கு ரெண்டு சின்னப்பன், ஒண்ணு ஸ்ட்ராங்கா" என்றார் அடுத்தவர். சாரா தன் சீட்டைக் கொடுக்க மனமில்லாமல், காசு கொடுத்து டீ வாங்கிக்கொண்டு, மாமாவைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

சீட்டு வழங்கிக்கொண்டிருந்தவன் வெங்கடேஷ். மடித்த வேட்டியும் குரங்குக் குல்லாயுமாக, ஒரு கட்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. தேவகுமாரிக்குப் புரிந்துபோயிற்று. தொடாதே என்று சொல்லியும் பெட்டிகளைப் பிரித்து, விடைச்சீட்டுகளை உருவி, உதவாத காகிதமென்று டீக்கு விட்டிருக்கிறான். கோபத்தில் செய்திருக்கிறான். அவன் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"வெங்கடேசு, பொட்டியில இருந்த..."

"டீ வேணுமுங்களா அக்கா? இந்தாங்க." அவள் கையிலும் ஒரு சீட்டைத் திணித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பிக்கொண்டான்.

சுற்றிலும் காது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் நகர்ந்தாள்.

மத்தியானம் குடோன் நிரம்பி, ஜன்னல் விளிம்பிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையேறியதும் தேவகுமாரி எப்போதும் போல் தேவகுமாரியானாள். கலக்கம் எல்லாம் படியிலேயே நின்றுவிட்டது. நிதானமாக வாசித்தாள். உதவி ஆய்வாளர் கற்பகம் ஒவ்வொருவராக விசாரிக்கிறாள். டிரைவர் தப்பித்தார். மருமகன் தப்பித்தான். ஒவ்வொருவர் தப்பிக்கும்போதும் அவரைச் சந்தேகப்பட்ட ஒரு வரிசை பெருமூச்சு விட்டது. கடைசியில் கற்பகம் மருந்தகத்துக்குப் போகிறாள். சின்னப்பன் அவளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறார். அவள் குடிக்கவில்லை.

"'சின்னப்பண்ணே, கொலை நடந்த ராத்திரி கடைசி பஸ்ஸு பதினேழாவது வளைவுல திரும்பிப் போச்சுன்னு எங்கிட்டச் சொன்னீங்க. அந்த பஸ்ஸு டிரைவரும் கண்டக்டரும் மறுநாளே மாத்தலாகிப் போயிட்டாங்க. பஸ்ஸுல ஒரு ஆளு இல்ல. அன்னைக்கு ராத்திரி அந்த வளைவுல நின்னவனுக்கு மட்டுந்தான் அது தெரியும்.' சின்னப்பன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்."

தேவகுமாரி தாளை மடித்தாள்.

சாரா மெதுவாகச் சட்டைப்பையில் கைவிட்டு அந்தச் சீட்டை எடுத்தாள். படித்தாள். "காலையிலிருந்து என் பையிலயே இருந்தாருங்களே!" என்று அலறினாள். அவ்வளவுதான். கூடம் வெடித்தது. டீ குடித்தவர்களெல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "கொலைகாரனைக் குடுத்துல்ல டீ வாங்கிக் குடிச்சேன்!" என்று ஒருவர் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார். சிரித்தார்கள், திட்டினார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். தேவகுமாரி நிமிர்ந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். இதற்குத்தான் ஏழு மாதம்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் படியிறங்கினாள். விற்பனை மேஜையை நோக்கி வரிசை உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே வெங்கடேஷ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றான். அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் போனாள்.

"என்னைய மன்னிச்சுக்கோ கண்ணு. உங்கிட்ட நான் அப்பவே சொல்லியிருக்கோணும். இப்ப பொட்டியில விடை இல்லாம வித்தா உன்ற பேரு கெட்டுப்போகும். இன்னைக்கு விக்க வேண்டாம். சீட்டு அடிச்சு, நானே ஒவ்வொரு பொட்டியிலயும் உக்காந்து ஒட்டித் தர்றேன்."

வெங்கடேஷ் ஒரு பெட்டியை எடுத்து, பிரித்து, அவள் முன்னால் வைத்தான். அடியில் உறை இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அவள் நகத்தால் கிழித்துப் பார்த்தாள். சீட்டு உள்ளேதான் இருந்தது.

"டீக்குக் குடுத்தது மை சரியா விழாம அச்சுல கழிச்சுப் போட்டதுங்க. ஊட்டுல ஒரு மூட்டை கெடந்துது."

தேவகுமாரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து ஊட்டுக்குப் போயி, புதுக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கலாம்னு அத்தனை சீட்டையும் தரையில பரப்புனேனுங்க. டிரைவரை வெச்சுப் பாத்தேன். மருமகனை வெச்சுப் பாத்தேன். யாரை வெச்சாலும் அந்த பஸ்ஸு ஒத்துவரல. சின்னப்பனை எடுத்துட்டு வேற ஒருத்தனை வெக்கறதுக்கு உங்க கதையில எடமே இல்லீங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, அக்கா மேடையில நாடகம் ஆடியிருக்குதுன்னு."

"போன் பண்ணினேனே. எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா உங்களுக்குத் தைரியம் வந்திருக்கும். உங்களுக்குப் பயம் இருந்தாத்தானுங்க காலையில டீக்கடையில பாத்தவிய நம்புவாங்க. உங்க மூஞ்சியும் ஒண்ணும் சும்மா இல்லீங்க. சீட்டப் பாத்ததும் ரத்தமே வத்திப்போச்சு. பொய் விடையக் குடுத்து என்ற பொட்டியக் கெடுத்துட்டமேன்னு நீங்க கலங்கறதா நெனச்சுத்தான் கடைசியா சந்தேகப்பட்டுட்டு நின்னவங்களும் அடங்கிப்போனாங்க."

ஊரையே ஏமாற்றிவிட்ட பெருமையில் மேடையிலிருந்து இறங்கி வந்தவள் தேவகுமாரி. அவளுடைய முகத்தையே சீட்டாக வைத்து ஆடியிருக்கிறான் இவன். கூட்டத்தில் ஏமாறாத ஒரே ஒரு வாசகன். அவனைத்தான் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவள் தள்ளி வைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வந்தது கண்ணீர். அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"இன்னும் கோவமா இருக்கறயா?"

"இருக்கறேனுங்க" என்றான் வெங்கடேஷ், முதல் ஆளிடம் பெட்டியை நீட்டியபடி. "அடுத்த கதைக்கு முடிவை எங்கிட்டச் சொல்லாதீங்க. நானே கண்டுபிடிச்சு வந்து சொல்றேன். சரியாச் சொல்லிட்டா நீங்க எழுதறத நிறுத்திக்கோணும். சவால் விட்டவிய நீங்கதானுங்களே."

தேவகுமாரி கண்ணைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பெட்டியில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள். ஏழு மாதத்தில் முதல் முறையாக, அடுத்த கதையை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது.